கிளாசிக் 350: எதை மாற்றலாம், எந்த வரிசையில் மாற்றலாம்

ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 வாங்கி வாசலில் நிறுத்தினால் போதும், ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்துவிடுவார்கள். சைலன்சரை மாத்து, ஹெட்லைட்டுக்கு எல்இடி போடு, ஃபில்டர் மாத்தினா பிக்கப் அள்ளும், பின் டயரை ஒரு சைஸ் ஏத்து. சொல்கிறவர்கள் எல்லோரும் வண்டி மேல் உண்மையான ஆசை உள்ளவர்கள். அனுபவத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் உயரம் வேறு, எடை வேறு, ஓட்டுகிற ரோடு வேறு.

நான் ஐந்தடி இரண்டு அங்குலம், எடை 54 கிலோ. வேலூரிலிருந்து ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போக இந்த வண்டிதான். லீவு கிடைத்தால் பின்சீட்டில் தங்கையை ஏற்றிக்கொண்டு ஏலகிரி அல்லது அமிர்தி வழியாக ஜவ்வாது மலை. என் வண்டி 2021-ல் வந்த புது இன்ஜின் மாடல்: ஸ்போக் வீல், ஹாலஜன் ஹெட்லைட், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ். புதிதாக வாங்கியவர்கள், குறிப்பாகப் பெண்கள், என்ன மாற்றலாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

என் பதில் எப்போதும் ஒன்றுதான். முதல் காசை, உங்கள் உடம்பு வண்டியைத் தொடுகிற இடத்திலும் வண்டி ரோட்டைத் தொடுகிற இடத்திலும் போடுங்கள். சீட், லிவர், டயர், ஷாக் அப்சார்பர். அடுத்து வெளிச்சம். சத்தமும் பவரும் கடைசி. பலருக்கு அந்தக் கடைசி வரை போகவே தேவை இருக்காது.

யார் எந்த வண்டியைப் பற்றிச் சொல்கிறார்கள்?

புல்லட், கிளாசிக் என்று ஒரே பெயரில் தலைமுறை தலைமுறையாக வண்டி வந்துகொண்டிருப்பதால் ஒரு குழப்பம் உண்டு. சென்னை திருவொற்றியூரில் ஃபேக்டரி ஆரம்பித்த காலத்திலிருந்து ரொம்ப வருஷம் வந்தது காஸ்ட் அயர்ன் இன்ஜின். 2009-ல் கிளாசிக் என்ற பெயரில் வண்டி வந்தபோது இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் யுசிஇ இன்ஜின். இப்போது ஓடுவது மூன்றாவது, ஜே சீரிஸ். 2020 நவம்பரில் இதே கம்பெனியின் மீட்டியோர் 350 வண்டியில் முதலில் வந்து, 2021 செப்டம்பரில் கிளாசிக்குக்கு வந்தது. மூன்றும் ஏறத்தாழ 350 சிசிதான். ஆனால் ஒன்றுக்குச் சொன்ன வைத்தியம் இன்னொன்றுக்குச் சரிவராது.

என் பெரியப்பா காஸ்ட் அயர்ன் புல்லட் வைத்திருக்கிறார், வலது காலில் கியர் போடுகிற வண்டி. என் வண்டியை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் "இதெல்லாம் ஒரு சத்தமா பாப்பா?" என்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பழைய இன்ஜினில் பிஸ்டன் 70 மி.மீ. விட்டம், 90 மி.மீ. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம். புதியதில் 72-க்கு 85.8. ஸ்ட்ரோக் குறைந்திருக்கிறது. உதறலை அடக்க உள்ளே ஒரு பேலன்சர் ஷாஃப்ட் வேறு சுற்றுகிறது. அதனால்தான் 80 கி.மீ. வேகத்தில் நான் கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் நம்பரைப் படிக்க முடிகிறது, பெரியப்பாவின் வண்டியில் முடியாது. அந்தப் பழைய சத்தத்தை சைலன்சர் மாற்றி வரவழைக்க முடியாது. சத்தம் அதிகமாகும், அவ்வளவுதான்.

இன்னொரு வித்தியாசத்தை நிறைய பேர் கவனிப்பதில்லை. ஜே சீரிஸில் கிக்கர் கிடையாது. பேட்டரி இறங்கினால் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், அதுவும் 195 கிலோ வண்டியை. லைட், ஹார்ன், சார்ஜர் என்று எதை மாட்டினாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் கருத்தைக் கேட்பது எப்படி?

அனுபவசாலி சொல்வதைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. நான் கற்றுக்கொண்டதில் பாதி அப்படி வந்ததுதான். ஆனால் கேட்கும்போது நாலு விஷயத்தைச் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் எடை என்ன, பின்னால் ஆள் ஏற்றுவீர்களா, எந்த மாதிரி ரோட்டில் ஓட்டுகிறீர்கள், மாட்டி எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஆச்சு.

சென்னையில் இருக்கும் நண்பர் ஒருவர் ராயல் என்ஃபீல்டின் பெரிய வண்டியான இன்டர்செப்டர் 650 வைத்திருக்கிறார். பின் ஷாக் ரொம்பத் தொளதொளவென்று இருக்கிறது, பள்ளத்தில் விழுந்தால் அடியில் போய் இடிக்கிறது என்று சொல்லி வேறு செட் வாங்கி மாட்டினார். அதே வண்டியில் கம்பெனி ஷாக்கோடு நான் ஓட்டிப் பார்த்தபோது, ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகில் தட்டியது போல இருந்தது. அவர் தொண்ணூறு கிலோவுக்கு மேல். இருவரும் சொன்னது உண்மைதான். என் அளவுள்ள ஒரு பெண் அவர் பேச்சைக் கேட்டு இன்னும் கெட்டியான ஸ்பிரிங் வாங்கி மாட்டினால் என்ன ஆகும்?

நாலாவது கேள்வி இன்னும் முக்கியம். மாட்டின அன்றைக்கு எல்லாமே பிரமாதமாகத்தான் இருக்கும். ஒரு மழைக்காலம் தாண்டிய பிறகு அந்த லைட்டுக்குள் தண்ணீர் கோத்திருக்கிறதா, அந்தக் கம்பியில் துரு ஏறியிருக்கிறதா, அந்த சீட் தையல் பிரிந்திருக்கிறதா என்பதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். வேலூர் வெயிலில் ஒரு கோடை தாங்கின ரெக்ஸினைப் பற்றி ஒருவர் நல்லது சொன்னால் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்.

செலவே இல்லாமல் முதலில் செய்ய வேண்டியவை

எதையும் வாங்குவதற்கு முன்னால் இருக்கிற வண்டியை உங்களுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளுங்கள். ஷோரூமிலிருந்து வெளியே வரும் வண்டி யாரோ ஒரு சராசரி ஆளுக்காக அமைக்கப்பட்டது.

கிளட்ச் லிவரில் ஆரம்பியுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஓட்டும்போது எப்படி உட்காருவீர்களோ அப்படியே உட்காருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி இரண்டு விரலை லிவரில் வையுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோட்டில் வர வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் லிவர் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். உயரம் குறைந்தவர்களுக்கு மணிக்கட்டு பின்பக்கம் மடங்கும். ஆற்காடு பக்கம் டிராஃபிக்கில் அரைமணி நேரம் கிளட்ச் பிடித்தால் கை மரத்துப்போவது இதனால்தான். கிளாம்ப் போல்ட்டை லேசாகத் தளர்த்தி, லிவரைக் கொஞ்சம் கீழே இறக்கி, மறுபடி இறுக்கினால் தீர்ந்தது. பிரேக் பக்கம் அப்படித் திருப்பும்போது பிரேக் ஆயில் டப்பா ரொம்பச் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளட்ச் கேபிளில் கொஞ்சம் தொங்கல் இருக்க வேண்டும். அது எவ்வளவு என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது.

அடுத்தது பின் ஷாக். கிளாசிக்கில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஆறு படிகளில் மாற்றலாம். சி வடிவ ஸ்பானர் ஒன்று இருந்தால் போதும், ரோட்டோரத்திலேயே ஐந்து நிமிஷ வேலை. தனியாக அலுவலகம் போகும்போது நான் மிகத் தளர்வான படியில் வைத்திருக்கிறேன். தங்கை ஏறி, பையும் ஏறினால் இரண்டு படி கூட்டிவிடுவேன். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரம் தரையைத் தொடாதபோது திருப்புங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். வண்டி வாங்கி வருஷக்கணக்காகியும் இதை ஒருமுறைகூடத் திருப்பாமல், ஷாக் சரியில்லை என்று புதுசு விலை விசாரிப்பவர்கள் நிறைய.

டயர் காற்று, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். மே மாதத்தில் ராணிப்பேட்டை வரை ஓட்டிவிட்டு அங்கே பங்கில் பார்த்தால், சூட்டில் அளவு கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் குறைவான காற்றோடு ஓட்டுவீர்கள். சின்னதாக ஒரு கேஜ் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். செயினைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுத்தமாக, செயினுக்கான எண்ணெய் போட்டு, புத்தகத்தில் சொன்ன தொங்கலில் இருக்கட்டும்.

சீட்: உயரம் குறைந்தவர்களுக்கு

கிளாசிக் 350-ன் சீட் உயரம் 805 மி.மீ. எனக்கு இரண்டு காலும் தரையில் முழுதாகப் பதியாது. இதைச் சொன்னதும் வரும் முதல் யோசனை, "பின் ஷாக்கைக் குட்டையாகப் போட்டு வண்டியை இறக்கிவிடு." செய்யாதீர்கள். பின்பக்கம் இறங்கினால் வண்டி திரும்புகிற குணமே மாறும், வேகத்தடையில் அடி தட்டும், சென்டர் ஸ்டாண்ட் போட இரண்டு ஆள் வேண்டும். இரண்டாவது யோசனை, சீட் ஃபோமை வெட்டி உயரத்தைக் குறைப்பது. கால் எட்டும், ஆனால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு எலும்பு அடித்தகட்டில் உட்கார்ந்த மாதிரி வலிக்கும்.

கால் எட்டாததற்குக் காரணம் உயரம் மட்டுமில்லை, சீட்டின் அகலமும்தான். டேங்க்கை ஒட்டிய முன்பகுதி அகலமாக இருப்பதால் தொடை வெளிப்பக்கமாக விரிந்து, கால் நேராகக் கீழே இறங்காமல் சுற்றிக்கொண்டு போகிறது. அந்த முன்பகுதியின் இரண்டு ஓரத்தையும் மட்டும் சரிவாகச் செதுக்கினால், உட்காரும் இடத்தின் ஃபோமைத் தொடாமலேயே காலுக்கு நல்ல இடம் கிடைக்கும்.

எனக்கு இதைச் செய்து கொடுத்தவர் வேலூரில் சீட் கவர் தைக்கிற ஒரு பெரியவர். ரெக்ஸினைப் பிரித்துவிட்டு, "வண்டியில உக்காந்து காட்டுங்கம்மா" என்று என்னை வெறும் ஃபோம் மேல் உட்கார வைத்தார். தொடை படும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். அந்தக் கோடு வரை ஓரத்தை விரல் அகலத்துக்குக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினார். மறுபடி உட்காரச் சொல்லிப் பார்த்து, இன்னும் கொஞ்சம். உட்காரும் இடத்தில் இருந்த மெத்தென்ற ஃபோமை எடுத்துவிட்டு, ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டிச் செய்த கெட்டியான ரீபாண்டட் ஃபோம் ஒட்டினார். கடையில் தொட்டுப் பார்க்கும்போது மெத்தென்று இருக்கும் சீட் வாலாஜா தாண்டுவதற்குள் அமுங்கிவிடும். கெட்டியாகத் தோன்றுவதுதான் தூரத்துக்குத் தாங்கும். கடைசியாக, ரெக்ஸினுக்குக் கீழே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் விரித்தார். தையல் வழியாக இறங்கும் மழைத்தண்ணீரை ஃபோம் குடிக்காமல் இருக்க அது. நீங்கள் எங்கே கொடுத்தாலும் இந்த ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். தனியாக ஒரு சீட் வாங்கி அதில் வேலை செய்யக் கொடுத்தால், கம்பெனி சீட் அப்படியே இருக்கும்.

பின்சீட்டுக்கு வருவோம். பின்னால் உட்காருபவரைக் கேட்காமல் எந்த சீட்டும் வாங்காதீர்கள். என் தங்கை கேட்டது முதுகு சாய ஒரு கம்பி, அவ்வளவுதான். ஏலகிரியின் பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் அவள் என் தோளை அழுத்தாமல் உட்கார்ந்து வந்ததில் எனக்குத்தான் பெரிய நிம்மதி. அழகுக்காக சாரி கார்டைக் கழற்றிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பின்சீட்டில் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், சக்கரத்தைப் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு, மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதி 123-ல் கட்டாயம். துப்பட்டாவின் நுனி ஸ்போக்கில் சிக்க ஒரு நொடி போதும்.

டயரும் சக்கரமும்

முன்னால் 100/90-19, பின்னால் 120/80-18. இந்த அளவை மாற்ற வேண்டாம். அகலமான பின் டயர் நிறுத்தி வைத்துப் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் கம்பெனி ரிம்முக்கு அது அகலம் அதிகம், டயரின் முகம் உருண்டு வளையும், வளைவில் வண்டி சாயத் தயங்கும். ஜவ்வாது மலை மாதிரி குறுகலான ரோட்டில் அது உடனே தெரியும். காசு இருந்தால் அதே அளவில் நல்ல பிடிப்புள்ள டயராக வாங்குங்கள். வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம் செய்தது. பழைய சரக்கை மாட்ட விடாதீர்கள். ஏபிஎஸ் வண்டி என்பதால், பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று, சென்சார் வளையத்தில் லிவரை வைத்து நெம்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஸ்போக்கா, அலாயா என்ற கேள்விக்கு என் பதில் நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்போக் வீலுக்குள் டியூப் இருக்கிறது, ஆணி ஏறினால் காற்று சட்டென்று இறங்கும், சக்கரத்தைக் கழற்றாமல் வேலை நடக்காது. அலாய் என்றால் டியூப்லெஸ், ரோட்டோரத்தில் நீங்களே ஒரு பிளக் செருகி, சின்ன பம்பில் காற்றடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். தனியாக ஓட்டும் பெண்களுக்கு அலாய்தான் என் சிபாரிசு. புதிதாக வாங்குகிறவர்கள் அலாய் உள்ள வகையையே வாங்கிவிடுங்கள். நான் ஸ்போக்கையே வைத்திருப்பது அதன் அழகுக்காக. அதற்காக ஒரு டியூப், இரண்டு டயர் லிவர், பம்ப் மூன்றையும் பையில் சுமக்கிறேன்.

ஸ்போக் ரிம்மின் உள்பக்கத்தை சீலன்ட் பூசி அடைத்து டியூப்லெஸ் ஆக்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். டியூப்லெஸ் ரிம்மில் டயரின் ஓரம் நழுவி உள்ளே விழாமல் இருக்க ஒரு மேடு உண்டு. டியூப் போடும் சாதாரண ரிம்மில் பெரும்பாலும் அது இருக்காது. வேகத்தில் காற்று இறங்கும்போது அந்த மேடுதான் காப்பாற்ற வேண்டியது. ஆகவே நான் அந்தப் பக்கம் போவதில்லை.

ஹெட்லைட்

2024-ல் வந்த மாடலிலிருந்து எல்இடி ஹெட்லைட் கம்பெனியிலிருந்தே வருகிறது. அதற்கு முந்தைய ஹாலஜன் வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தப் பகுதி.

ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள் எல்இடி பல்பை மட்டும் வாங்கிச் செருகாதீர்கள். அந்தக் கிண்ணத்தின் வளைவு, ஹாலஜன் இழை எந்தப் புள்ளியில் எரியுமோ அதற்காகக் கணக்குப் போட்டது. எல்இடி சில்லு அந்தப் புள்ளியில் சரியாக உட்காராவிட்டால் வெளிச்சம் சிதறும். உங்களுக்கு முன்னால் பத்தடி பளிச்சென்று இருக்கும், தூரத்தில் ஒன்றும் தெரியாது, எதிரே வருகிறவர் கண் கூசும். இரவில் பள்ளிகொண்டா பக்கம் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருகிற டூவீலர்காரர் கண் கூசி எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று யாருக்குத் தெரியும்?

முதலில் இருக்கிற லைட்டின் குறியைச் சரிசெய்யுங்கள். சாயங்காலம் ஒரு சுவரிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி சமதரையில் வண்டியை நிறுத்தி, நீங்கள் மேலே உட்கார்ந்து, வேறு ஒருவரை விட்டு ஹெட்லைட் மையத்தின் உயரத்தைச் சுவரில் குறிக்கச் சொல்லுங்கள். லோ பீமின் மேல் விளிம்பு அந்தக் குறிக்குச் சற்றுக் கீழே விழ வேண்டும். பின்னால் ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கி வெளிச்சம் மரத்தின் உச்சிக்குப் போகும். ஷாக்கை இரண்டு படி கூட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படியும் போதாவிட்டால், அதே 60/55 வாட்டில் நல்ல கம்பெனி ஹாலஜன் பல்ப் ஒன்று போடுங்கள். வாட்டைக் கூட்டினால் ஹோல்டர் உருகும்.

மலை ரோட்டுக்காக இரண்டு சின்ன லைட் மாட்டுவதானால், தனி ரிலே, தனி ஃப்யூஸ், தனி சுவிட்ச். ஹெட்லைட் வயரை வெட்டி ஒட்டுப்போட எந்த மெக்கானிக்கையும் விடாதீர்கள். இந்த வண்டியில் இன்ஜினை ஓட்டுவதே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. ஒரு தளர்ந்த ஒட்டு, மழை நாளில் சம்பந்தமே இல்லாத இடத்தில் எச்சரிக்கை விளக்கை எரிய வைக்கும். லைட்டைத் தாழ்வாக மாட்டி, தரையைப் பார்த்துத் திருப்பி, ஊருக்குள் நுழைந்ததும் அணையுங்கள்.

லெக் கார்டு, பிரேக், ஷாக்

லெக் கார்டு நிச்சயம் மாட்டுங்கள். 195 கிலோ வண்டி நின்ற இடத்தில் சாய்ந்தால்கூட காலையும் டேங்க்கையும் காப்பது அந்தக் கம்பிதான். சேஸிஸில் உள்ள போல்ட் இடத்தில் கெட்டியாக உட்காருகிறதா என்று பாருங்கள்.

வண்டி விழுந்தால் தூக்கும் முறையையும் கற்றுக்கொள்ளுங்கள், இதற்கு உடல்பலம் அதிகம் வேண்டாம். இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போடுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே நீட்டிவிடுங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் ஓரத்தில் பின்புறத்தைப் பதித்து உட்காருங்கள். ஒரு கையால் ஹேண்டில்பாரையும் இன்னொரு கையால் பின் கம்பியையும் பிடித்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன அடியாகக் காலால் பின்னோக்கித் தள்ளுங்கள். வண்டி எழும். வீட்டில் பழைய மெத்தை ஒன்றை விரித்து யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகிப் பாருங்கள். அதன்பிறகு இந்த வண்டியின் எடையைப் பற்றிய பயம் பாதி போய்விடும்.

பிரேக்கில் கம்பெனி அமைப்பே எனக்குப் போதும். முன் பிரேக் மந்தமாக இருக்கிறது என்று தோன்றினால் பேடின் தடிமனையும் பிரேக் ஆயிலின் வயதையும் முதலில் பாருங்கள். ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் மாற்றினால் லிவரில் பிடி தெளிவாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் ஏபிஎஸ் வண்டியில் காற்றை முழுதாக வெளியேற்றத் தெரிந்த இடத்தில் மட்டுமே கொடுங்கள்.

ஷாக் அப்சார்பரை மாற்றுவது, ஆறு படியையும் முயன்று பார்த்து, அப்படியும் அடிவரை இடிக்கிறது என்றால் மட்டும். கனமான ஆள் இரண்டு பேராக அடிக்கடி தூரம் போகிறவர்களுக்கு அது நல்ல செலவு. வாங்கும்போது கம்பெனி ஷாக்கின் அதே நீளத்தில், உங்கள் எடையைச் சொல்லி ஸ்பிரிங் கேட்டு வாங்குங்கள். என் போன்ற எடைக்கு அந்தக் காசுக்கு நல்ல ரைடிங் ஜாக்கெட்டும் கிளவுஸும் வந்துவிடும்.

சைலன்சரும் பவரும்

சத்தத்தை விரும்புகிறவர்களைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் வேலூரில் ஐடா ஸ்கடர் சாலையில், சிஎம்சி வாசலில் நோயாளியோடு நிற்கிறவர்களைத் தாண்டிப் போகும்போது என் வண்டி அமைதியாகப் போக வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. சத்தம், புகை அளவை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன் கீழ் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு, லைசென்ஸும் மூன்று மாதம் போகும். வெளிநாட்டில் அனுமதி பெற்ற சைலன்சர் என்று கடைக்காரர் காட்டும் முத்திரை இங்கே ரோட்டில் நிற்கும் எஸ்.ஐ.க்குப் பதிலாகாது.

பவர் விஷயத்தில் கணக்கு எளிது. இந்த இன்ஜின் தருவது 20.2 குதிரைத்திறன், 6,100 ஆர்பிஎம்மில். ஃபில்டர், சைலன்சர், ஈசியூ என்கிற அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி மூன்றையும் மாற்றினாலும் 195 கிலோவை இழுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான், வாரன்டி போய்விடும். இதன் அழகே 4,000 ஆர்பிஎம்மில் கிடைக்கும் 27 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை. டாப் கியரில் 50-ல் போட்டுவிட்டு முறுக்கினால் அது தானாக இழுத்துக்கொண்டு போகும். இன்னும் வேகம் வேண்டும் என்று மனசு கேட்டால், வேறு வண்டியே பாருங்கள். இன்டர்செப்டர் 650-ல் இரட்டை சிலிண்டர், 47 குதிரைத்திறன். ட்ரையம்ப் ஸ்பீட் 400-ல் ஏறத்தாழ 40. பழைய தோற்றம், ஆனால் ஓட்டினால் இன்றைய வண்டி. ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. பவர் போதும், எடையும் உயரமும்தான் பிரச்சினை என்பவர்களுக்கு அதே ஜே இன்ஜினோடு வரும் ஹன்டர் 350 இருக்கிறது, 790 மி.மீ. சீட், 181 கிலோ.

மாட்டுவதற்கு முன்னும் பின்னும்

நிறம், இன்ஜின், ஃபிரேம் மூன்றும் ஆர்சியில் இருப்பவை. நிறத்தை முழுதாக மாற்றினால் ஆர்டிஓவில் பதிவு செய்ய வேண்டும். கம்பெனி அமைப்பை அடிப்படையிலேயே மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52 தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் போட இடம் இருக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் இதைத்தான் முதலில் கிளறுவார்கள்.

ஒரே நாளில் நாலு பொருள் மாட்டாதீர்கள். ஒன்றை மாட்டி, ஒரு வாரம் வழக்கமான ரோட்டில் ஓட்டுங்கள். அப்போதுதான் எது நல்லது செய்தது, எது புதுச் சத்தம் கொண்டுவந்தது என்று தெரியும். மாட்டி 200 கிலோமீட்டர் ஓடியதும் அந்த போல்ட்டுகளை எல்லாம் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள், லெக் கார்டு போல்ட் கண்டிப்பாகக் கொஞ்சம் தளர்ந்திருக்கும். கழற்றிய கம்பெனி பாகங்களை எண்ணெய்த் துணியில் சுற்றி, போல்ட், வாஷரோடு ஒரு பையில் போட்டு, எந்த இடத்துடையது என்று எழுதி வையுங்கள். விற்கும்போது கம்பெனி சைலன்சரும் சீட்டும் பில்லும் கையில் இருந்தால் வாங்குகிறவர் பேரம் பேசுவது குறையும். மாட்டியதைக் கழற்றித் தனியாக விற்றுக்கொள்ளலாம், என் அளவுக்குச் செதுக்கின அந்த சீட்டைத் தவிர.